பையில் போடாத தயிர்

"பை வேண்டாங் கண்ணு, இப்பிடியே கையில குடுங்க."

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் காதில் விழுவது இந்த வாக்கியம்தான். பெருமாநல்லூருக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் நான் மளிகைக்கடை வைத்திருந்த காலம். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். இப்போது அருள்புரத்துக்கு மாறி வந்துவிட்டோம். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் "ஒரு பை குடுங்க" என்று பிடுங்குகிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான்.

தயிர்ப் பாக்கெட்டின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போவார். அதிலும் ஒரு கூத்து. அவர் வீடு என் கடைக்குக் கிழக்கே, கூப்பிடு தூரம். ஆனால் அவர் மேற்கே நடப்பார். ஊர்ப் பெரியவீட்டுத் தோட்டத்தைச் சுற்றி, கல் வேலியை ஒட்டி, பெரிய கேட்டுக்கு முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துவிட்டு, கோயில் பக்கமாகத் திரும்பி வீட்டுக்குப் போவார். உச்சி வெயிலாக இருந்தாலும் அதே வழி. வீடு போய்ச் சேர்வதற்குள் தயிர் வெந்நீராகிவிடும்.

"என்னக்கா, வீடு இந்தால இருக்கு, நீங்க அந்தால போறிய? கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"காத்தாட நடந்தா ஒடம்புக்கு நல்லதுங் கண்ணு" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. சிரிப்பா அது? கண் சிரிக்கவே இல்லை.

அரசாங்கம் பெண்களுக்கு மாதாமாதம் ஆயிரம் ரூபாய் வங்கியில் போட ஆரம்பித்திருந்த நேரம். அவருக்கும் வந்தது. அவர் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் நெடுங்காலம் நின்று நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு, கட்டிலோடு கிடந்தார். மூச்சு இழுக்கிற பம்பு இல்லாமல் அவருக்கு ஒருநாள் ஓடாது. அக்கா வீட்டிலிருந்தபடியே பனியனுக்குப் பிசிறு வெட்டுவார், தையல் முடிந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் கத்தரிக்கிற வேலை. மகள் பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் செக்கிங். ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடும் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். பம்பு வாங்கியது போக மீதியில் ஒரு தேங்காய் எண்ணெய், ஒரு சோப்பு, அப்புறம் இந்தத் தயிர். தயிர் இல்லாவிட்டாலும் தப்பில்லை என்று ஒரு மாதமும் அவர் சொன்னதில்லை.

"மத்த காசு எல்லாம் ஆரு முன்னாடியாச்சும் போயி நின்னாத்தானுங்க வருது" என்று ஒருமுறை சொன்னார். "இது மட்டுந்தான் நிக்காம வருது."

அந்த அக்கா கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வர வர அவர் பேச்சில் 'ங்க' கூடிக்கொண்டே போகும். எங்கள் ஊரில் சண்டை என்றால் தெருவே அதிரும், சாயங்காலமே சமாதானமாகிவிடுவோம். இவரோ பணிவாகப் பேசிப் பேசியே ஆளைக் கொல்லுவார். மறப்பது என்பது அவர் உடம்பிலேயே கிடையாது. பிசிறு மூட்டை கொண்டுவருகிற ஆள் ஒருமுறை "நீ வெட்டற லட்சணத்துக்குக் கூலி ஒரு கேடா" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவன் வரும்போதெல்லாம் "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று தாங்குவார். ஆனால் அவன் அவசர ஆர்டர் என்று கெஞ்சிக்கொண்டு வந்த நாளில் "எனக்குத்தான் வெட்டவே தெரியாதுங்களே" என்று மூட்டையை அவன் வண்டியிலேயே தூக்கி வைத்துவிட்டார். நடுவில் ஒரு வருடம் ஓடியிருந்தது.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். அங்கே இருந்தவளைத் தோட்டத்தம்மா என்பார்கள். ஊரே அவளுக்கு 'வந்தாங்க, போனாங்க' என்று மரியாதை கொடுக்கும். நான் 'வந்தாள், போனாள்' என்றுதான் எழுதுவேன். அவள் என்னிடம் பேசிய பேச்சுக்கு அதுவே அதிகம். "பொழைக்க வந்த சனத்துக்கு வாயப் பாரு" என்று என் கடையில் நின்றே என்னைச் சொன்னவள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இந்தக் குணம் எனக்கு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதானோ என்னவோ.

தோட்டத்தில் மாடும் எருமையும் நிறைய. ஊத்துக்குளிக்கு வெண்ணெய் போகும். வெண்ணெய் எடுத்த மோரைக் காலையில் அக்கா தெருச் சனத்துக்கு இலவசமாக ஊற்றுவாள். ஊரில் எல்லாரும் அவளைத் தர்மப்பிரபு என்றார்கள். தர்மம்! தூக்குப்போசியைக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவள் மேலேயிருந்து ஊற்றுவாள். தெறித்தால் தெறித்ததுதான். அந்த மோருக்காக அக்கா வீட்டில் ஒருத்தர் தினமும் மாடு கட்டுகிற கட்டுத்தரையைக் கூட்ட வேண்டும். சாணி வழிக்க வேண்டும். தோட்டத்தில் விசேஷம் என்றால் எச்சில் இலை எடுத்து, அண்டா குண்டாவெல்லாம் கழுவ வேண்டும். கூலி என்று யாரும் கேட்கக் கூடாது, அதுதான் வருஷம் முழுக்க மோர் குடிக்கிறோமே.

ஒருநாள் மத்தியானம் என் கடை வாசலில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டே அக்கா சொன்னார். கத்தரி நிற்கவில்லை, குரலும் மாறவில்லை.

மகள் ஏழாவது படித்தபோது நடந்தது. அக்காவுக்குக் காய்ச்சல். மகள்தான் பள்ளிக்கூடம் போகும் முன்னால் கட்டுத்தரை கூட்டப் போயிருக்கிறாள். அன்றைக்குத் தோட்டத்தில் வெண்ணெய் ஒரு உருண்டை காணவில்லை. மோர் வாங்க வந்த பெண்கள் அத்தனை பேரும் போசியோடு நிற்கிறார்கள். தோட்டத்தம்மா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "கையை நீட்டு" என்றிருக்கிறாள். நீட்டியது. கையைத் தொடவில்லை. தொட்டால் தீட்டு. மூக்கை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்திருக்கிறாள். ஒரு கை. அப்புறம் மறு கை.

"வாசம் வருது. எங்கடி ஒளிச்சு வெச்ச?"

மாட்டுத் தொழுவத்தில் நின்ற பிள்ளை கையில் வேறு என்ன வாசம் வரும், மல்லிகைப்பூவா? பாவாடையை உதறிக் காட்டச் சொல்லியிருக்கிறாள். உதறிக் காட்டியிருக்கிறது. காய்ச்சலோடு ஓடிவந்து அக்கா பார்த்தது அதைத்தான், பெண்கள் நடுவில் பாவாடையை உதறிக்கொண்டு நிற்கிற மகளை.

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து மருமகள் சத்தம் கொடுத்தாள். வெண்ணெயை அவள்தான் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாளாம்.

"அட, இங்கதான் இருக்குதா!" என்று தோட்டத்தம்மா சிரித்தாளாம். சிரித்துவிட்டு, அக்காவின் போசியில் ஒரு கரண்டி மோர் கூடுதலாக ஊற்றினாளாம். அவ்வளவுதான்.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா அக்கா?" என்று கேட்டேன். நானாக இருந்தால் அந்தப் போசியை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

"கேட்டா மோர் நின்னுருமுங்க. அவருக்கு அப்பத்தான் மூச்சு எரைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அவரும் வேலைக்குப் போகாம, ஊட்டுல ஒண்ணுமில்ல. மறுநாளும் போனேனுங்க. போசியை வெச்சேன். ஊத்துனாங்க. வாங்கிட்டு வந்தேன்." ஒரு நூலைக் கத்தரித்தார். "எம்புள்ளை எடுக்கலைன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லோணும் கண்ணு. அத்தனை பேரு முன்னாடி கேட்டாங்கல்ல, அத்தனை பேரு முன்னாடி சொல்லோணும். அதுக்குத்தான் இருக்கறேன்."

அந்த மகள் அதிகம் பேச மாட்டாள், சிரித்துவிட்டுப் போவாள், நல்ல பிள்ளை. ஆனால் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது கையில் வாங்கினால், வாங்கிய கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். அவளுக்கே தெரியாது. சில்லறை கொடுத்தாலும் முகர்வாள், ஷாம்பு பாக்கெட் கொடுத்தாலும் முகர்வாள். சின்ன வயதுப் பழக்கம் என்று நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். கதை தெரிந்த பிறகு என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

முதல் ஆயிரம் வந்த அன்றைக்கே அக்கா கட்டுத்தரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தோட்டத்தம்மா ஆள் அனுப்பியதற்கு, "இனிமே மோர் வேண்டாங்கன்னு சொல்லிருங்க, நாங்க தயிர் சாப்புடறோமுங்க" என்று பதில் போயிற்று. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்தப் பாக்கெட் ஊர்வலம்.

அவரைப் பார்த்து மற்ற பெண்களும் ஒவ்வொருத்தராக நின்றுகொண்டார்கள். ஆளுக்கு ஆயிரம் வருகிறது, கம்பெனி வேன் வாசலுக்கே வருகிறது, யாருக்கு வேண்டும் அந்தத் தெறிக்கிற மோர்? தோட்டத்தில் மோரைச் சாக்கடையில் கொட்டினார்கள். ஒரிசாவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கட்டுத்தரை வேலைக்குக் கொண்டுவந்தாள். அவர்கள் மோரைத் தொடவில்லை, டீ கேட்டார்கள், ரூம் கேட்டார்கள், சம்பளம் கேட்டார்கள். சம்பளம் என்றதும் தோட்டத்தம்மாவுக்கு மயக்கம் வராத குறை. ஒரு மாதத்தில் அவர்களும் பனியன் கம்பெனிக்கு ஓடிவிட்டார்கள். கடைசியில் அவளே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணி வழித்தாள். அதைப் பார்ப்பதற்காகவே நான் இரண்டு தடவை அந்தப் பக்கம் நடந்தேன். காத்தாட நடந்தால் உடம்புக்கு நல்லதுதான்.

தீபாவளிக்குத் தோட்டத்திலிருந்து அக்கா வீட்டுக்கு நெய் வந்தது. அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசமுங்க. எங்க கையில ஒட்டிக்கிட்டா வம்புங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் என் கடைக்கு வந்து, குளிர்பானம் வாங்கிக் குடித்துக்கொண்டே, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

"எங்க ஊட்டுல கார் இருக்குதுன்னு எனக்கு அந்த ஆயிரத்தைத் தர மாட்டேன்னுட்டாங்க. அவளுக்கு மட்டும் எதுக்கு? அவ ஊட்டுலயும் கார் இருக்குதுன்னு ஒரு போனைப் போட்டேன். நின்னுருச்சு பாத்தியா?"

நின்றுதான் போயிற்று. அந்த மாதம் அக்கா போனுக்குப் பணம் வந்த மெசேஜ் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. நான் அவளைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் வந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவ்வளவு சொல்லலாம்.

அது கெட்ட காலம். பம்பு வாங்கக் காசில்லை. அக்கா வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். மகளின் சம்பளம் வாடகைக்கும் வட்டிக்கும் போனது. தோட்டத்தம்மா சொல்லி அனுப்பினாள்: "பழைய மாதிரி வரச் சொல்லு, மோரும் ஊத்தறேன், மருந்துக்கும் குடுக்கறேன்." வீட்டுக்காரரே, "போயிட்டுத்தான் வாயேன் புள்ள" என்று மூச்சுக்கு நடுவில் சொன்னாராம்.

"உங்க மூச்சுக்கு நான் பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா இன்னும் இரண்டு மூட்டை பிசிறு கேட்டு வாங்கினார். விரலெல்லாம் காய்த்துப்போனது. என் கடைப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். நான் சும்மா கொடுத்துவிடுவேன் என்று பயம்.

அப்படி இருக்கையில் ஒருநாள் பார்க்கிறேன், அக்கா கையில் தயிர்ப் பாக்கெட் தொங்குகிறது! மேற்கே போய்க்கொண்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் வாங்கவில்லை, அப்படியானால் வேறு கடையா? இவ்வளவு பழகிவிட்டு வேறு கடையா? கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே போய் மறித்தேன்.

"எங்கக்கா வாங்குனிய?"

பாக்கெட்டைப் பார்த்தேன். பழைய பாக்கெட். வாய் வெட்டினது. அதை மடித்து, பனியன் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே வெள்ளையாக ஆடியது. சோறு வடித்த கஞ்சித்தண்ணி.

"தூரத்துல இருந்து பாத்தா தெரியாதுங் கண்ணு" என்றார்.

நான் வழியை விட்டேன். கேட்டுக்கு முன்னால் நின்று முந்தானையைச் சரிசெய்துவிட்டு அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்கு வந்து அழுதேன். அழுதது துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்தக் கேட்டையே கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது.

ஆயிரத்துக்கு மறுபடி மனு எழுதிக் கொடுத்து, அலைந்து, ஒருவழியாக விசாரிக்க ஒருத்தர் வந்தார். "கார் எங்கம்மா நிக்குது?" என்று கேட்டார். அக்கா வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், டயர் இல்லாமல் சுவரில் சாய்ந்திருந்த வீட்டுக்காரரின் சைக்கிளைக் காட்டி, "இதுதானுங்க. ஓட்டிப் பாக்கறீங்களா?" என்றாராம். வந்தவர் சிரித்துவிட்டுப் போனார். பணம் திரும்ப வந்தது. முதல் காரியமாகப் பம்பு. மிச்சத்தில் நிஜத் தயிர். "பை வேண்டாங் கண்ணு."

அப்புறம்தான் தோட்டத்தில் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. பெரிய பந்தல். சமையலுக்கு ஆள் வைத்த தோட்டத்தம்மா, இலை எடுக்கவும் பாத்திரம் கழுவவும் ஆள் வைக்கவில்லை. "அதுக்கு நம்ம சனம் இருக்குது" என்ற பழைய நினைப்பு. கருமித்தனம் வேறு. ஆள் அனுப்பிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "லீவு இல்லீங்க, அக்கா வந்தா வர்றோமுங்க." விசேஷத்துக்கு முன்தினம் சாயங்காலம், அவளே நடந்து என் கடைக்கு வந்தாள்.

வாசலில் அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் அன்றைக்குப் போசியோடு நின்றவர்கள்தான். கம்பெனி வேன் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். அக்காவின் மகளும் இறங்கி, ஷாம்பு வாங்கக் கடைப்படியில் வந்து நின்றாள்.

"ஏம்புள்ள, நாளைக்கு நீ வரோணும்" என்றாள் தோட்டத்தம்மா. "நீ வந்தாத்தான் மத்தவளுக எல்லாம் வருவாளுக. சொந்தபந்தம் கேப்பாங்க. கூலியே தர்றேன் போ. ஆயிரம் வேணாலும் தர்றேன்."

"ஆயிரம் எனக்கு மாசாமாசம் வருதுங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அரிசிச் சாக்குக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"அப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"ஒரு வார்த்தைங்க. எம்புள்ளை எடுக்கலைன்னு."

"அடச் சீ, அது எந்தக் காலத்துக் கதை! அன்னைக்கே வெண்ணெய் கெடைச்சுப்போச்சே!"

"உங்களுக்குக் கெடைச்சுதுங்க. எங்களுக்கு இன்னும் ஒண்ணும் கெடைக்கலீங்க."

கத்தரிகள் எல்லாம் நின்றுவிட்டன. தோட்டத்தம்மா சுற்றிப் பார்த்தாள். ஒருத்தியும் அவளுக்காக வாயைத் திறக்கவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை.

"சரி, எடுக்கல. போதுமா?"

"ஆருங்க எடுக்கல?"

"உம்புள்ளதான்."

"என்னத்தைங்க?"

"வெண்ணெயை." பல்லைக் கடித்தாள்.

"எடுத்தாள்னு சொன்னது ஆருங்க?"

வேன் டிரைவர்கூட இறங்கி வந்து நின்றுவிட்டான்.

"நாந்தான் சொன்னேன். தப்புத்தான். உம்புள்ள எடுக்கல. போதுமா இப்ப? விடியக்காலம் வந்துரு."

"எதுக்குங்க?"

"எதுக்கா? இலை எடுக்கறதுக்கு, பாத்திரம்..."

"வார்த்தைதானுங்களே கேட்டேன்" என்றார் அக்கா. நூலை எடுத்துக் கத்தரித்தார். "சொன்னா வர்றேன்னு நான் சொல்லவே இல்லீங்களே."

அவள் போன வேகத்தில் புழுதி பறந்தது. பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நான் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தேன். காதுகுத்து அன்றைக்குச் சொந்தக்காரிகளே பட்டுச்சேலையோடு எச்சில் இலை எடுத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டபோது என் வயிறு குளிர்ந்தது. நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஆனால் அந்தச் சாயங்காலம் ஒன்று நடந்தது. சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, படியில் நின்ற மகள் அம்மாவைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினாள். வாங்கிய கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

அக்கா பார்த்துவிட்டார். நானும் பார்த்தேன் என்பதையும் பார்த்துவிட்டார். மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு மகளோடு கிழக்கே போனார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் வந்து நின்றார். தோட்டத்தில் மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"தயிர் குடுங் கண்ணு."

"அதான் சொல்லிட்டாள்லாக்கா" என்றேன். "இனியாவது இந்த வழியா வீட்டுக்குப் போகலாம்லா? வெயில்ல எதுக்குச் சுத்துதிய?"

"சொன்னது காதுக்குத்தானுங்க போச்சு" என்றார். "கைக்குப் போகலியே."

நான் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "இன்னொண்ணும் குடுங்க" என்றார்.

இரண்டையும் வாங்கி, கைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டுக்கொண்டு மேற்கே நடந்தார்.